சுரங்கத்துக்குள் தங்கம் கொண்டுபோனவன்

போன மாதம் பெங்களூரில் மெட்ரோ ரயில் ஏறப் போனேன். வாசலில் நின்ற காவலர் ஒரு கறுப்புக் கருவியை என் சட்டைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை ஆட்டினார். அது கீச்சென்று கத்தியது. "என்ன சார் அது?" என்றார். "மூக்குக்கண்ணாடி டப்பா" என்றேன். "போங்க" என்றுவிட்டார். எனக்குப் பெரிய ஏமாற்றம். வாயைத் திறக்கச் சொல்லவில்லை, காதை மடக்கிப் பார்க்கவில்லை, கையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாண்டு தாண்டச் சொல்லவில்லை. இதற்குப் பெயர் சோதனையாம்.

கோலார் தங்கவயலில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் சோதனை போடப்பட்டவன். சோதனை என்றால் என்ன என்று என்னைக் கேட்க வேண்டும். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் அப்படிக் கேட்டும் விட்டார். "நீங்க எப்பனா மாட்டினீங்களா?" என்றார். ஒரே ஒரு தடவை மாட்டினேன். அதுவும் தங்கத்தோடு. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

நான் சாம்பிளர். சுரங்கத்தில் எந்த இடத்துப் பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பார்க்க மாதிரி எடுத்து அனுப்புகிறவன். பழகிக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது. கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பாறையைத் தண்ணீர் விட்டுக் கழுவு, பெயிண்டால் இரண்டு கோடு போடு, கோட்டுக்கு நடுவே உளியால் ஒரே ஆழத்தில் செதுக்கு, விழுகிற சில்லையெல்லாம் கித்தானில் பிடித்துப் பையில் போட்டு, நம்பர் சீட்டு வைத்துக் கட்டு. கடைசியாக ஒன்று உண்டு. எங்கள் தலைமை சாம்பிளர் அதைத் தினமும் சொல்வார்: "அழகா இருக்குதேன்னு எந்தக் கல்லையும் பொறுக்காத. விழுந்தது எதுவோ அதுதான் சாம்பிள்."

கடவுள் என்னை அழகான கல்லைப் பொறுக்குவதற்கென்றே படைத்து, பொறுக்கக் கூடாத வேலையில் கொண்டுபோய் வைத்தார். பால் மாதிரி வெள்ளைக் கல், ஊசி ஊசியாகக் கறுப்புக் கல், சதுரம் சதுரமாகப் பித்தளை நிறத்தில் மின்னுகிற பைரைட். விளக்கு வெளிச்சம் படும்போது அவை என்னையே கூப்பிடுவது போலிருக்கும். அந்தப் பைரைட்டில் காசுக்குப் பிரயோஜனமில்லை. ஆனாலும் மேலே கொண்டுபோக முடியாது. சுரங்கத்திலிருந்து ஒரு சின்னக் கல்கூட வெளியே போகக் கூடாது என்பது சட்டம்.

மேலேயும் எனக்கு இதே வியாதிதான். ஐம்பத்தாறில் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். அவர்கள் பங்களாக் குப்பைக் குழிகளில் நான் பார்த்த சொர்க்கத்தை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். களிமண் புகைக்குழாய், தேநீர்க் கெண்டியின் மூடி, கோலி போட்ட சோடா பாட்டில், சிங்கம் பொறித்த பித்தளைப் பொத்தான். கிடைக்காததைப் பண்டமாற்றில் வாங்குவேன். ஒரு தடவை நீலக் கண்ணாடியில் செய்த கதவுக் கைப்பிடி ஒன்றுக்காக வீட்டு இட்லிக் குண்டானைக் கொடுத்துவிட்டேன். என் மனைவி ஆரோக்கியமேரி அந்தக் கைப்பிடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கதவு எங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் உப்புமா.

என் சேர்க்கைக்கெல்லாம் ராஜா ஒன்று இருந்தது. ஐவிரல் சங்கு. கல்யாணமான வருஷம் வேளாங்கண்ணிக்குப் போனபோது வாங்கியது. இரண்டு கை சேர்த்தால்தான் கொள்ளும். விரல் மாதிரி நீண்ட முட்கள், வெளியே பழுப்புப் புள்ளி, உள்ளே இளஞ்சிவப்பு. அதன் முதுகில் எத்தனை புள்ளி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆட்டினால் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் வரும். கடல் மணல் உருண்டு உருண்டு கல்லாகிவிட்டது என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் விளக்கம் சொல்வேன். மேரி அடுப்பண்டை நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

இனி நான் சுரங்கத்துக்குள் நடத்திய மியூசியத்துக்கு வருகிறேன். பூமிக்குக் கீழே அறுபத்து நாலாவது லெவலில், வேலை முடிந்து கைவிட்ட ஒரு பக்கவழியில், ஆள் ஒதுங்கி நிற்கக் குடைந்த ஒரு மாடம் இருந்தது. மேலே கொண்டுபோக முடியாத கற்களை அங்கே அடுக்க ஆரம்பித்தேன். சுரங்கத்துக் கல் சுரங்கத்திலேயே இருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. கொஞ்ச நாளில் மற்றவர்களும் கொண்டுவந்து வைத்தார்கள். பெரிய துண்டுகளாக, "இந்தா அந்தோணி, உன் பொண்டாட்டிங்களோட சேத்து வையி" என்று கேலியோடு. அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. வெளியே வருகிறவனைத்தான் சோதிக்கிறார்கள். உள்ளே போகிறவனிடம் மோதிரமோ தாயத்தோ இருந்தால் சொல்லி எழுதிவைக்கச் சொல்வார்கள், அவ்வளவே. சோற்றுக் கேரியரை யாரும் திறப்பதில்லை. ஆகவே கல் மேலே வர முடியாவிட்டால், பொத்தானும் புகைக்குழாயும் கீழே போகலாமே. போயின. ஆறு மாதத்தில் அந்த மாடம், நான் சொல்கிறேன், பெங்களூர் மியூசியத்துக்குக் குறைந்ததில்லை. கார்பைட் விளக்கைத் தூக்கிப் பிடித்தால் மொத்தமும் ஜொலிக்கும். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் சும்மா உட்கார்ந்து பார்ப்பார்கள். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. ராஜா மாதிரி இருந்தேன்.

முனிசாமி என்று மரம் முட்டுக் கொடுக்கிற கேங்கில் ஒரு மேஸ்திரி. என் சிநேகிதன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. நான் வைத்த சோழிகளைப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, தாயம் ஆடறதா? கடல்ல இதவிட பெருசா ஒண்ணும் விளையாதா?" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது. மறுநாள், அது ஒரு திங்கட்கிழமை, மேரி தண்ணீர்க் குழாய்க்குப் போன சமயம் பார்த்து ஐவிரல் சங்கை எடுத்துக் கேரியரின் பெரிய அடுக்கில் வைத்து மூடினேன். சோறு எடுத்துப் போகவில்லை.

அன்றைக்கு முனிசாமி வாயடைத்துப் போனான். கடலையே பார்க்காதவர்கள் பத்துப் பேர் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். எனக்குப் பசியே தெரியவில்லை. ஷிஃப்ட் முடிந்து சங்கைப் பத்திரமாகக் கேரியரில் வைத்துக்கொண்டு எங்களை மேலே ஏற்றிப்போகிற கேஜுக்காக வரிசையில் நின்றேன். அப்போதுதான் உறைத்தது. எழுதிவைக்காமல் உள்ளே போனது எதுவும் வெளியே வராது. என் சங்கும்தான். ஆறு மாதமாக இந்த விதியை வைத்தே மியூசியம் நடத்தியவனுக்கு, அந்த விதி தனக்கும் உண்டு என்று தோன்றாமல் போய்விட்டது. திரும்பி நடந்து சங்கை மாடத்தில் வைத்துவிட்டு வந்தேன். சிறந்த பொருள் மியூசியத்தில்தானே இருக்க வேண்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேரி கேட்டாள். அந்த ஞாயிறு மாதா திருநாள்.

"இன்னாங்க, சங்கு எங்க?"

"எதுக்கு?"

"எங்கன்னு கேட்டேன்."

"கீழ கீது. மியூசியத்துல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தவனுக்கு அது பயமாக இருந்தது.

"அதுக்குள்ள எங்கம்மா குடுத்த மூக்குத்தி இருக்குதுங்க" என்றாள். "ரெண்டு நாளு சேந்தாப்புல போட்டா எனக்கு மூக்கு புண்ணாயிடும். கழட்டி வெளிய வெச்சா நீங்க எதுக்காவது மாத்திடுவீங்க. குண்டான் போச்சு, குத்துவிளக்கு போச்சு. இந்த வீட்ல நீங்க யாருக்கும் குடுக்காத ஒரே சாமான் அந்தச் சங்குதான். அதான் அதுக்குள்ள போட்டு வெச்சேன்."

நான் உலகத்துக்கெல்லாம் விளக்கம் சொன்ன கடல் மணல் இதுதான்.

எனக்கு அப்போது அவமானத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. அந்தச் சுரங்கம் தோண்டின நாளிலிருந்து எத்தனையோ பேர் தங்கத்தை வெளியே கொண்டுபோகப் பார்த்து ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். உள்ளே கொண்டுபோனவன் நான் ஒருவன்தான். இப்போது அதை வெளியே கொண்டுவர வேண்டும். பிடிபட்டால் வேலை போகும். வேலை போனால் ஸ்கெலட்டன் லைனில் சுரங்கத்தார் கொடுத்திருந்த வீடும் போகும். கொண்டுவராவிட்டால் மேரியின் அம்மா கொடுத்த ஒரே பொருள் போகும்.

வெள்ளிக்கிழமை கீழே போனதும் முனிசாமியிடம் மட்டும் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவனுக்கு விக்கல் வந்தது. அப்புறம் யோசனை சொன்னான். "சாம்பிள் பைல போட்டு நம்பர் கட்டி அனுப்பு. அதான் கேள்வி கேக்காம வெளிய போவுது" என்றான். போகும். நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய் மாவாக அரைபடும். சங்கும் மூக்குத்தியும் பொடியாகி, இந்தப் பாறையில் தங்கம் அமோகம் என்று ரிப்போர்ட் வரும். அந்த இடத்தை ஐந்நூறு அடி தோண்டுவார்கள். "அப்ப கோமணத்துல வெச்சுக்க" என்றான். அந்தச் சங்குக்கு முள் எத்தனை என்று அவனுக்கு நினைவுபடுத்தினேன். கடைசியில் நானே முடிவு செய்தேன். உள்ளதைச் சொல்லி நேராகக் கொண்டுபோவது.

சோதனை அறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று அறை. கேஜை விட்டு இறங்கியதும் முதல் அறையில் வேலை உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும். பிறந்த மேனியாக நடு அறைக்குப் போக வேண்டும். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு கட்டை. இரண்டு கையையும் தூக்கி, விரலை விரித்துக்கொண்டு, அந்தக் கட்டையைத் தாண்ட வேண்டும். எங்கேயாவது எதையாவது செருகியிருந்தால் விழுந்துவிடும் என்பது ஏற்பாடு. பிறகு வாய், நாக்குக்கு அடி, காது, தலைமுடி, கால்விரல் இடுக்கு. கேரியரில் மிச்சமிருக்கும் சோற்றை மூங்கில் குச்சியால் கிளறுவார்கள். அப்புறம்தான் மூன்றாவது அறை, வீட்டு உடுப்பு, மனுஷ ஜன்மம்.

அந்த நடு அறைக்கு அதிபதி இன்ஸ்பெக்டர் நாகராஜ ராவ். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, தாய்மொழி கன்னடம். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. எங்களையெல்லாம் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். "சாமி, தப்பா நெனைக்கக் கூடாது. ஸ்வல்ப நாக்கு தூக்குங்க" என்பார். துணியில்லாமல் நிற்கிறவனிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். மேஸ்திரி ஆனாலும் அதிகாரி ஆனாலும் அவர் முன்னால் கட்டையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்தச் சுரங்கக் குழியில் எங்கள் எல்லாருக்கும் மேலான அதிகாரி அவர்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவர் முன்னால் நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். கையில் ஐவிரல் சங்கு.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொதல்ல தாண்டுங்க" என்றார். தாண்டினேன். சங்கு கடகடவென்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதியில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சங்கை வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். சுருள் வளைந்து இருட்டுக்குள் போயிற்று. கம்பி விட்டார், கம்பி வளைந்து திரும்பி வந்தது. தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தார், தண்ணீர் மட்டும் வந்தது. ஊதினார், அது ஒரு எருமைக் குரல் கொடுத்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் குளிரில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்கள்.

"சாமி, உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியல. தெரியாத சாமானை நான் வெளிய விட முடியாது. உடைக்கணும்."

"உடைக்காதீங்க சார். மூக்குத்திதான் சார்."

"சரி. மூக்குத்தி எப்போ உள்ள போச்சு?"

"திங்கக்கிழமை."

பதிவேட்டை எடுத்துத் திங்கட்கிழமைப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். "ரெண்டு மோதிரம், ஒரு தாயத்து. மூக்குத்தி இல்ல. உள்ள போகல, ஆனா வெளிய வருது. அப்போ புஸ்தகப்படி இது கீழதான் வெளைஞ்சிருக்கு."

"அறுபத்து நாலாவது லெவல்ல மூக்குத்தி வெளையுமா சார்?"

"வெளையாதுன்னு நான் எப்படி எழுதறது?" என்றார் வருத்தமாக. அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். பேனாவைத் திறந்தார். "அடையாளம் சொல்லுங்க, எழுதிக்கறேன். கல்லு என்ன கலர்?"

நான் விழித்தேன். "பாத்ததில்ல சார்."

"சம்சாரம் போட்டு பாத்ததில்லையா?"

"போட மாட்டா சார். எப்பவும் சங்குலதான் இருக்குது."

"கல்யாணம் ஆகி?"

"ஏழு வருஷம்."

பேனா நின்றது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு மேல் என்னிடம் கழற்ற ஒன்றுமில்லை என்றாலும், இன்னும் ஏதோ ஒன்றைக் கழற்றினது போல இருந்தது.

"மூக்கு எந்தப் பக்கம் குத்தியிருக்கு? அதாவது தெரியுமா?"

நான் மேரியின் முகத்தை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். நெற்றி வந்தது, கண் வந்தது, கோபம் வந்தது. மூக்கு மட்டும் வரவே இல்லை. சங்கின் முதுகில் நூற்றுப் பதினெட்டுப் புள்ளி என்று ஞாபகம் வந்தது. நம்ம பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் வலது பக்கம்தான் குத்திக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டு, "வலது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். சங்கை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, "நாளைக்கு அம்மாவை அழைச்சுட்டு வாங்க. ஒத்துப் போனா சரி. போகலைன்னா மேல எழுதி அனுப்பணும்" என்றார்.

சனிக்கிழமை காலைக்குள் கோரமண்டல் ஸ்டேஷன் வரை செய்தி பரவிவிட்டது. சாம்பிளர் அந்தோணி சங்குக்குள் அரை வீசை தங்கம் வைத்துக் கடத்தினானாம். குழாயடியில் மேரியைப் பார்த்துப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்களாம். அவள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

சோதனை அறைக்கு ஒரு பெண் வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாங்கள் போன நேரத்தில் ஷிஃப்ட் முடிந்து நாற்பது பேர் முதல் அறையில் நின்றார்கள். வேலை உடுப்பை ஏற்கெனவே கழற்றிவிட்டார்கள். வீட்டு உடுப்பு மூன்றாவது அறையில் இருந்தது. நடு அறையில் என் மனைவி. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். உள்ளேயிருந்து முனிசாமியின் குரல் கேட்டது. "தங்கச்சி, சீக்கிரம் முடிம்மா, கொசு கடிக்குது."

ராவ் எழுந்து நின்று அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அம்மா, மூக்குத்தி எப்படி இருக்கும்?"

"ஒத்தக்கல்லுங்க. செவப்பு. திருகு லேசா வளைஞ்சிருக்கும்."

"எந்தப் பக்கம் போடுவீங்க?"

"இடதுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லாரும் வலது குத்துவாங்களே?"

"சின்ன வயசுல வலது பக்கம் கட்டி வந்துடுச்சுங்க. அதான் இடது." முந்தானையை விலக்கி முகத்தைக் காட்டினாள். இடது மூக்கில் துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு சின்ன ஈர்க்குச்சி செருகியிருந்தது. ஏழு வருஷமாக அது அங்கே இருந்திருக்கிறது.

ராவ் பதிவேட்டைத் திருப்பி அவளிடம் காட்டினார். "உங்க வீட்டுக்காரர் வலதுன்னு எழுதச் சொல்லியிருக்கார், அம்மா. சாட்சி ஒத்துப் போகல."

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. "அவரு சொன்னத எழுதாதீங்க சார்" என்றாள். "அவருக்குக் கல்லு தெரியும், சங்கு தெரியும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், மாதா திருநாளு, மூணு வாட்டி போட்டுகினு அவரு பக்கத்துலயே கோயிலுக்கு நடந்து போறேன். ஒரு வாட்டிகூட இன்னா மேரி இதுன்னு கேட்டதில்ல."

அடைத்த கதவில் நாற்பது பேரின் காதும் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் பயந்ததெல்லாம் வேலைக்கும் வீட்டுக்கும்தான். இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அந்த நிமிஷம் எனக்கு வேலையே போனாலும் பரவாயில்லை என்றிருந்தது.

ராவ் பேனாவைத் துடைத்துக்கொண்டார். "ஒரு சாட்சி தப்பாப் போனா இன்னொரு சாட்சி எடுத்துக்கலாம்னு விதி இருக்கு" என்றார். "போன கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கோரமண்டல் ஸ்டேஷன்ல பங்காருபேட்டை ரயிலுக்கு நின்னுட்டிருந்தேன். அம்மா பிளாட்பாரத்துல நின்னாங்க. இடது பக்கம், ஒத்தக்கல்லு, செவப்பு. சாமி தண்டவாளத்துக்கு நடுவுல குனிஞ்சு கல்லு பொறுக்கிட்டிருந்தார். நான் கையெழுத்துப் போடறேன்."

"அப்ப நேத்தே உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றேன்.

"தெரியும். பாக்கறதுதானே என் வேலை. ஆனா புஸ்தகத்துல எழுத மூக்கு நேர்ல வரணுமே."

அலமாரியைத் திறந்து சங்கை எடுத்தார். "ஒரே ஒரு கஷ்டம், அம்மா. உள்ள இருக்கறதை எடுக்க உடைச்சுத்தான் ஆகணும்."

"எதுக்குங்க உடைக்கணும்?" என்று மேரி அதைக் கையில் வாங்கினாள். வாயைக் கீழே பிடித்து, சுருளோடு கூட மூன்று சுற்றுச் சுற்றி, முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். மூக்குத்தி அவள் உள்ளங்கையில் விழுந்தது. கம்பியும் டார்ச்சும் தண்ணீரும் வைத்து மல்லாடிய இன்ஸ்பெக்டர், முப்பது வருஷ அனுபவத்தில் முதல் தடவையாக வாயைத் தானாகத் திறந்தார்.

அவள் ஈர்க்குச்சியை எடுத்துவிட்டு அங்கேயே மூக்குத்தியைப் போட்டுக்கொண்டாள். ராவ் பதிவேட்டில் எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். "இப்போ சொல்லுங்க சாமி. எந்தப் பக்கம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து நாற்பது பேர் "இடது" என்று கத்தினார்கள்.

வெளியே வந்தோம். மேரி சங்கை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஸ்கெலட்டனுக்குப் போகிற அந்த வழியில் இடது ஓரம் முழுக்க முள்ளும் உடைந்த கல்லுமாக இருக்கும். யாரும் அந்தப் பக்கம் நடக்க மாட்டார்கள். நான் அவளுக்கு இடது கைப் பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டேன். வெயில் பட்டு அந்தச் சிவப்புக் கல் மின்னியது. ஏழு வருஷமாக ஒரு லெவல் விடாமல் நான் தேடி அலைந்ததில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

கொஞ்ச தூரம் போனதும், "இன்னாங்க, முள்ளுல நடக்கறீங்களே. இந்தப் பக்கம் வாங்க" என்றாள்.

நான் போகவில்லை.